திருப்பி அனுப்பிய படம்

கல்மண்டபம், ராயபுரம்
12 ஜனவரி 2025

மாயாவுக்கு ஆயா எழுதுவது.

அன்றைக்கு நம் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பாயில் உன் அம்மா செங்கொடி, ஆறு மாத வயிற்றோடு. வயிற்றுக்குள் நீ. நாற்காலியில் என் அண்ணன் பரசுராமன். பக்கத்து ஸ்டூலில், கையில் கடிதத்தோடு, பிரெஞ்சுக் கப்பலில் வேலை பார்த்த பிரெஞ்சு வேலப்பன். வாசப்படியில் டீக்கடை பஷீர் பாய், உள்ளே வரச் சொல்லியும் வராமல். அடுப்பங்கரை நிலையில் சாய்ந்துகொண்டு நான். 2002, மே 19, ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்று. அடுப்பில் காரப்பொடி மீன் குழம்பு. அது அடிப்பிடித்துத் தீய்ந்தது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இல்லாதவன் ஒருவன்தான். அந்தக் கடிதத்தை எழுதியவன். உன் அப்பன், டக்கார்க்காரன் அலியூன்.

சம்பளம் கொடுக்காமல் முதலாளி கைவிட்ட கப்பலில் எட்டு மாதம் நம் துறைமுகத்தில் கிடந்தவன். நம் கடையில் சோறும் நெத்திலி வறுவலும் தின்றவன். பாஷை தெரியாமலே உன் அம்மாவை மயக்கியவன். ஊர் சிரித்தாலும் பரவாயில்லை என்று நானே மாலை எடுத்துக் கொடுத்தேன். ஒருநாள் காலையில் கப்பலில் ஆளே இல்லை. மூன்று மாதம் கழித்து, பஷீர் பாய் டீக்கடை விலாசத்துக்கு, பிரெஞ்சில் இந்தக் கடிதம். வேலப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்: "ஊர்ல எனுக்குப் பொண்டாட்டி கீறா, ரெண்டு புள்ள கீது, இனிமே என்னைத் தேடாதீங்கோன்னு எழுதிக்கீறான்மா."

உன் அம்மா அழவில்லை. ஒன்பது வருடம் கழித்து மஞ்சள் காமாலையில் போகும்வரை அவன் பெயரையே எடுக்கவில்லை.

நர்ஸ் வேலை என்று சொல்லித்தானே பாண்டிச்சேரிக்குப் போனாய்? பிரெஞ்சு வகுப்புக்கும் போகிறாய் என்று பஷீர் பாய் பேத்தி உமைமா சொல்லி எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. கேட்டால் போனில் அழுகிறாய். அதனால்தான் உன் போனை எடுப்பதில்லை. பேசினால் காற்றோடு போகும். எழுதினால் நிற்கும், பிறகு யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

படி. நன்றாகவே படி. ஆனால் அவனைக் கொஞ்சுவதற்கு இல்லை. இருபத்திரண்டு வருடமாக நான் சேர்த்து வைத்திருக்கும் வசவில் ஒன்றுகூட அவனுக்குப் புரியாது. நீ படித்து, அவன் முகத்துக்கு நேரே, அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும்.

பூவம்மா

*

புதுச்சேரி
26 ஜனவரி 2025

ஆயா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். யாருக்கோ என்னவோ என்று நினைத்தேன். உள்ளே நீ திட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது.

சொல்லாமல் சேர்ந்தது தப்புதான். சொன்னால் விட்டிருப்பாயா?

முதல் நாள் வகுப்பில் எதற்குப் பிரெஞ்சு என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். கனடா, கனடா, ஓட்டல் வேலை, கனடா. என் முறை வந்தது. என் சுருட்டை முடியைத் தொட்டுக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். பின் வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. பெயர் ஃபாத்தூ, ஐவரி கோஸ்ட்காரி, இங்கே கல்லூரியில் படிக்கிறாள். தன் தமிழ்த் தோழியைக் கூட்டிப் போக வந்து உட்கார்ந்திருந்தாளாம்.

இப்போது சனிக்கிழமைதோறும் அவள் எனக்குப் பின்னல் போடுகிறாள். நாலு மணி நேரம் ஆகும். பிரெஞ்சில்தான் பேச வேண்டும், தமிழ் வந்தால் வெடுக்கென்று ஒரு இழுப்பு. இது அவளுக்கும் தாய்மொழி இல்லையாம். வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு கொண்டுவந்து இறக்கியதாம். "அப்புறம் ஏன் பேசுகிறாய்?" என்றேன். "பூட்டினது அவன். சாவி இப்போ என் கையில இருக்கு. தூக்கியா எறியறது?" என்றாள்.

அவள் போனில் பாட்டு வைப்பாள். காங்கோ, ஹைத்தி, மார்த்தினிக், பாரிஸ் என்று எங்கெங்கேயோ இருந்து பாடுகிறார்கள். அடிமையாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பாதிப்பேர். எல்லாருக்கும் என் மூக்கு, என் உதடு. கல்மண்டபத்தில் "ஏய் கப்பலு" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நான் ஒருத்திதான் இருந்தேன். இந்தப் பாஷைக்குள் போனால் நான் கூட்டத்தில் ஒருத்தி ஆயா. அதற்காகத்தான் படிக்கிறேன். திட்டுவதற்கு இல்லை.

அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பு. என் கண்ணால் படிக்க வேண்டும்.

மாயா

*

கல்மண்டபம்
9 பிப்ரவரி 2025

மாயாவுக்கு,

இதற்குள் ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன். ஒரிஜினல் தர மாட்டேன். அது சாட்சி. அரிசி டிரம்முக்குள் டப்பாவில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறேன். 2015 வெள்ளத்தில் டிரம்மைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றவள் நான்.

கூட்டத்தில் ஒருத்தி என்று எழுதியிருக்கிறாய். இங்கே உனக்கு யாரும் இல்லையா? "கப்பலு" என்றவன் சட்டையைப் பிடித்து உன் தாத்தா பரசுராமன் மார்க்கெட்டில் சண்டை போட்டது மறந்துபோனதா? உன்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் விட்டவர் யார்? இப்போது பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, ஜன்னலோரம் கட்டிலில் கிடக்கிறார். மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். தினம் ஒரு தரம் "மாயா வந்துச்சா?" என்று கேட்கிறார். அவருக்காவது இரண்டு வரி எழுது.

உன் தலையில் நாலு சீப்பு உடைத்தவள் நான். அந்தப் பெண் என்ன எண்ணெய் வைக்கிறாள், கேட்டு எழுது.

அந்தக் கடிதத்தோடு ஒரு படமும் வந்தது. உனக்கு இதுவரை சொன்னதில்லை. அவன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, வண்ணம் பூசிய ஒரு நீளப் படகில் சாய்ந்து சிரிக்கிறான். வேலப்பன் படித்து முடித்ததும் அதைத் தரையில் போட்டு என் செருப்பால் ஒரு மிதி மிதித்தேன். மீன் மார்க்கெட்டுக்குப் போட்டுப் போகும் செருப்பு. சேறு அவன் மூஞ்சியில் அச்சாக விழுந்தது. அப்படியே அவன் விலாசத்துக்கு அனுப்பச் சொன்னேன். அண்ணன்தான் உறை வாங்கி வந்து, விலாசத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதி, தன் கையால் ஸ்டாம்ப் ஒட்டிப் பெரிய போஸ்டாபீஸில் போட்டுவிட்டு வந்தார். "வுடு பூவு, சனியன் தொலைஞ்சுது" என்றார்.

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சரியான காரியம் அது.

பூவம்மா

*

புதுச்சேரி
2 மார்ச் 2025

ஆயா,

இரண்டு வாரம் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னை நம்பாமல் ஃபாத்தூவிடமும் காட்டினேன். அவள் மூன்று தடவை படித்தாள். பிறகு எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

"செங்கொடி, அன்று விடிந்ததும் கப்பலுக்கு வண்டி வந்தது. எங்கள் பன்னிரண்டு பேரையும் நேரே விமானத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியில் இறங்க விடவில்லை. உன்னிடம் சொல்ல முடியாமல் போனது. உங்கள் தெருவில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர் இருக்கிறார் என்றாயே, அவர் உனக்குப் படித்துச் சொல்வார் என்று நம்பி என் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் எழுதுகிறேன். வேறு கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது. நவம்பரில் அது கொழும்புக்கு வரும். அங்கிருந்து உன்னிடம் வந்துவிடுவேன். என் மனைவி நீ. பெண் பிறந்தால் என் அம்மாவின் பெயர் கூம்பாவையும் சேர்த்து வை. என் படத்தை உன்னிடம் வைத்துக்கொள். நான் வேண்டாம் என்று நீ முடிவு செய்தால் எதுவும் எழுத வேண்டாம். இந்தப் படத்தை மட்டும் திருப்பி அனுப்பு. நான் புரிந்துகொள்வேன். அதற்குப் பிறகு உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்."

மனைவி என்ற சொல் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. பிள்ளைகள் என்ற சொல்லே இல்லை.

கடைசி வரிகளை நீயே இன்னொரு தடவை படித்துக்கொள். என்னால் மறுபடி எழுத முடியாது.

மாயா

*

கல்மண்டபம்
14 ஏப்ரல் 2025

மாயாவுக்கு,

ஒன்றரை மாதம் எழுதவில்லை. கை எழவில்லை.

கடை திறக்கிறேன், மீன் கழுவுகிறேன், அண்ணனுக்கு ஊட்டுகிறேன். செருப்பை வாசலில் விடும்போது மட்டும் பார்க்காமல் விடுகிறேன்.

நேற்று முனையில் பேனர் கட்டியிருக்கிறார்கள். மே தினத்தன்று மூத்த தொழிலாளர்களுக்குப் பாராட்டு விழாவாம். நடுவில் பெரிதாக வேலப்பன் படம். "பிரெஞ்சுக் கப்பல்களின் மொழிபெயர்ப்பாளர்" என்று போட்டிருக்கிறது. சால்வை போடப் போகிறார்கள்.

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. அலியூன் கடைக்கு வந்த புதிதில் செங்கொடி ஆசையாக வேலப்பனைக் கூட்டிவந்து எதிரில் நிறுத்தினாள். இவர் "போன்ஜூர்" என்றார். அவன் சந்தோஷத்தில் படபடவென்று பேசினான். இவர் "வேலை கீது" என்று ஓடியே போனார். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நீ எனக்கு ஒரு உதவி செய். பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதி அனுப்பு. போன் படிக்கிற மாதிரி அச்சு எழுத்தில், பெரிதாக. என்ன எழுத வேண்டும் என்று தனிக் காகிதத்தில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

பூவம்மா

*

புதுச்சேரி
22 ஏப்ரல் 2025

ஆயா,

எழுதி வைத்திருக்கிறேன். ஃபாத்தூ இரண்டு பிழை திருத்தினாள், சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பாஷையில் நான் சொந்தமாக எழுதும் முதல் கடிதம் ஒரு கிழவரை அவமானப்படுத்தவா? வேலப்பன் தாத்தா எனக்குத் தேன்மிட்டாய் வாங்கித் தருவார். ஆனால் அம்மாவின் முகம் கண்முன்னே வருகிறது. அதனால் எழுதிவிட்டேன்.

இன்னொரு கடிதமும் எழுதினேன், உன்னைக் கேட்காமல். டக்கார் பக்கத்தில் யோஃப் என்ற மீனவர் ஊர், அந்தப் பழைய விலாசத்துக்கு. என் போன் நம்பரும் கொடுத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் கழித்து யார் அங்கே இருப்பார்களோ, தெரியாது.

மாயா

*

கல்மண்டபம்
3 மே 2025

மாயாவுக்கு,

முடித்துவிட்டேன்.

சால்வை போட்டுக் கைதட்டல் அடங்கட்டும் என்று காத்திருந்து மேடை ஏறினேன். "அண்ணே, என் பேத்தி பிரெஞ்சுல லெட்டர் போட்டுக்கீது. நீங்கதான் படிச்சுச் சொல்லணும்" என்றேன். கூட்டம் தட்டியது. வேலப்பன் என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார்.

"இப்போ எதுக்கு தங்கச்சி, வூட்டாண்ட வந்து படிக்கிறேனே."

"அன்னிக்கு வூட்ல படிச்சீங்கோ. இன்னிக்கு சபைல படிங்கோ."

கண்ணாடி மாட்டினார். தொண்டையைச் செருமினார். அதே செருமல். "அன்புள்ள ஆயாவுக்கு, நான் சொகமா கீறேன். வேளைக்குத் துன்றேன். பொங்கலுக்கு ஊருக்கு வரேன், ஒடம்பைப் பாத்துக்கோ..." என்று மைக்கில் இழுத்து இழுத்துப் படித்தார். பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

உமைமா போனைக் கடிதத்துக்கு மேலே பிடித்து, பிறகு மைக்கிடம் கொண்டுபோனாள். போன் அதைத் தமிழாக்கி, டீச்சர் மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னது: "இதைப் படிக்கும் மனிதருக்குப் பிரெஞ்சு தெரியாது. 2002 மே 19 அன்றும் தெரியாது. இவர் சொன்ன பொய்யை நம்பியே என் அம்மா செங்கொடி இறந்தாள்."

பின்னாலிருந்து எவனோ "போன்ஜூர் பெர்சு!" என்று கத்தினான். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு மீன்பிடித் துறைமுகம் வரை கேட்டிருக்கும். வேலப்பன் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். எனக்கு ஜில்லென்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் விடிந்ததும் வந்து வாசப்படியில் நின்றார். அன்றைக்கு பஷீர் பாய் நின்ற அதே இடம்.

"தங்கச்சி, எனுக்குத் தெரிஞ்சது போன்ஜூரும் மெர்சியும்தான். கப்பல்ல நான் அழுக்குத் துணி எண்ணிக்கினு இருந்தவன். கூட நின்னு பாத்தவன் உங்கண்ணன். எனுக்குத் தெரியாதுன்றது அவனுக்குத் தெரியும். சனிக்கெழமை வந்தான். 'துறைமுக ஆபீஸ்ல பாண்டிச்சேரிக்காரர் ஒர்த்தராண்ட முழுசாப் படிச்சுக் கேட்டுக்கினேன். நாளைக்கு நீ படிக்கிற மாரி நடி. இன்னா சொல்லணும்னு நான் சொல்றேன்'னான். முடியாதுன்னா நான் துணி எண்ணுன கதைய ஊருக்குச் சொல்லிடுவேன்னான்."

"எதுக்காம்?"

"'பூவுக்கு ஒரே பொண்ணு. அது கப்பலேறிப் போய்ட்ச்சுன்னா பூவு செத்துப் பூடுவா'ன்னான்."

நான் நேரே பஷீர் பாயிடம் போனேன். "பாய், அந்த லெட்டரை அண்ணன் கைல எப்போ குட்த்தீங்கோ?" "வெள்ளிக்கெழமைம்மா. ஜும்மா முடிஞ்சு வந்த கையோட. ஏன், அவரு சொல்லலியா?" என்றார்.

வெள்ளி, சனி. இரண்டு நாள் அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. நான் படத்தை மிதித்தபோது, அது திரும்பிப் போனால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். உறை வாங்கியவர். ஸ்டாம்ப் ஒட்டியவர்.

கட்டிலருகே போய்க் கேட்டேன். கோணிய வாயில் எச்சில் வழிய, "உனுக்காகத்தான் பூவு" என்றார்.

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பூவம்மா

*

புதுச்சேரி
25 மே 2025

ஆயா,

உன் கடிதம் வந்த அன்றே யோஃபிலிருந்து போன் வந்தது. அத்தை ஒருத்தி. என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். பிறகு போனை அவரிடம் கொடுத்தாள்.

அப்பா உயிரோடு இருக்கிறார். கப்பலில் கால் உடைந்து, ஊரோடு தங்கி, கடற்கரையில் வலை பின்னுகிறார். படம் திரும்பி வந்து மூன்று வருடம் கழித்துக் கல்யாணம் செய்திருக்கிறார். எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். அவர் என்னைக் கூம்பா என்று கூப்பிட்டார். அம்மா இறந்ததை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பில் ரயில் டிக்கெட் கேட்கச் சொல்லித் தந்தார்கள், கடையில் விலை கேட்கச் சொல்லித் தந்தார்கள். இதற்கு வார்த்தை தேடித் தடுமாறினேன். போனில் அலைச் சத்தம் கேட்டது. நம் காசிமேட்டு அலை மாதிரியே.

அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறாராம். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தச் செருப்பு செங்கொடியுடையதா?" எனக்குப் பிரெஞ்சு நின்றுபோனது. பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன்.

ஆயா, தாத்தாவை விட்டுவிடு. அவர் செய்தது பெரிய பாவம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னைத் தூக்கிச் சுமந்ததும் அதே கைதான். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இன்னும் என்ன செய்யப்போகிறாய்? எனக்காக மன்னித்துவிடேன்.

மாயா

*

கல்மண்டபம்
9 ஜூன் 2025

மாயாவுக்கு,

இதற்குள் இன்னொரு தாள் இருக்கிறது. உன் அப்பாவுக்கு. உமைமா போனில் எடுத்துத் தந்ததை, படகில் நம்பர் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து நானே எழுதினேன். நாலு தாள் கிழித்தேன். போனை முழுசாக நம்ப மாட்டேன், தெரியாதவர் படித்ததை நம்பிக் கெட்டவள் நான். நீ ஒருதரம் சரிபார்த்து அனுப்பு. "செருப்பு என்னுடையது. அவளுடையது இல்லை. அவள் உனக்காகக் காத்திருந்தாள்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

காத்திருந்தாள் என்பது உனக்கும் தெரியாது. வெளிநாட்டுக் கப்பல் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் கடையை என்னிடம் விட்டுவிட்டுத் துறைமுக கேட் வரை போய்விட்டு வருவாள். "எங்கடி பூட்டே?" என்பேன். "சும்மாதான்மா" என்பாள். நானும் ஊரும் சேர்ந்து அவளைக் குத்திக் காட்டுவோம். பொண்டாட்டி பிள்ளை இருக்கிறவனுக்காகவா நிற்கிறாய் என்று. அடுத்த கப்பல் வந்தாலும் போவாள்.

கடைசி வரியை வாயாலும் கற்றுக்கொண்டேன். எல் தா அத்தாந்தூ. உமைமா போனில் நூறு தடவை வைத்தாள். உன் அப்பா பேசினால் நானே சொல்வேன்.

நீ கேட்டதற்குப் பதில்.

அலியூன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. என்னை என்ன செய்வது என்று அவன் சொல்லட்டும், அது அவன் கணக்கு. வேலப்பன் தெருவில் தலை காட்டுவதில்லை, அது போதும். நேற்று அவர் வீட்டுக்கு மீன் கொடுத்தனுப்பினேன். பஷீர் பாய் வெள்ளிக்கிழமையை மறக்காமல் வைத்திருந்தாரே, அவருக்கு என் கும்பிடு. அன்றைக்கு வாயைத் திறந்து கேட்காமல் உட்கார்ந்திருந்தாளே என்று உன் அம்மா மேல் இருந்த கோபமும் போயிற்று.

கட்டிலில் கிடப்பவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வேளைக்குக் கஞ்சி, தொட்டுக்கொள்ளத் துவையல், நாளுக்கு ஒரு வேட்டி. ஆனால் ஒவ்வொரு வேளையும் முதல் கரண்டிக்கு முன்னால் நீ தமிழில் எழுதி அனுப்பினாயே, அந்தக் கடிதத்தை முழுசாகப் படிக்கிறேன். விமானம், கொழும்பு, நவம்பர், கூம்பா, படம். முடிவில் எல் தா அத்தாந்தூ. அதற்குப் பிறகுதான் வாயில் கஞ்சி. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறான். காது திரும்பாதே. "வேணாம் பூவு" என்கிறான். "உனுக்காகத்தான் நைனா" என்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று தரம், அவன் மூச்சு நிற்கும்வரை. நான் முந்திக்கொண்டால் உமைமா படிப்பாள், சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ டிசம்பரில் யோஃபுக்குப் போ. கூம்பா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார். தம்பிகளுக்கு நெத்திலிக் கருவாடு கட்டித் தருகிறேன். தாத்தாவை மன்னிப்பது உன் இஷ்டம். உன்னைச் சுமந்த கை அது. என்னைக் கேட்காதே. அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களில், மண்ணுக்குள் போனாலும் நான் மன்னிக்காத ஒரே ஆள், எனக்காக என்று சொல்லி என் மகளைக் காக்க வைத்துக் கொன்ற என் கூடப்பிறந்த அண்ணன் பரசுராமன்.